நீள்வட்ட மூடியில் நாற்பத்தைந்து எங்கே

எங்கள் தொழிற்சாலைக்குப் புதிய மில்லிங் மிஷின் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் வெட்டும் பாதையை அதுவே எழுதிக்கொள்கிறதாம். நல்லதுதான். வேலை செய்கிறவர்களின் கண்ணுக்கும் முதுகுக்கும் அது பெரிய உதவி. பழைய மிஷினை வெளியேற்றுவதற்கு முன் அதில் ஏற்றி வைத்திருந்த புரோகிராம்களை மணிகண்டன் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த மிஷினில் நின்றவர் அவர்தான். போன மாதம் போன் செய்தார்.

"அண்ணே, ஒரு புரோகிராம் பாத்தேன். மத்ததுல எல்லாம் பக்கம் பக்கமா எண்ணு இருக்கு. இதுல எட்டே வரி. காஸ், சைன்னு என்னமோ எழுதி வச்சிருக்கீங்க. மேல மேரின்னு போட்டிருக்கு. அண்ணி பேரா?"

"அண்ணி பேரு தெரேஸுப்பா. அது மாதா பேரு. எல்லா புரோகிராமுக்கும் தலையில போடுவேன்."

"சரி, ஓட்டிப் பாத்தேன், நீள்வட்டம் வருது. எட்டு வரில எப்டிண்ணே வருது?"

போனில் சொல்லிப் பார்த்தேன். எனக்கே குழம்பியது. "எழுதிக் குடுங்கண்ணே, தொழிற்சங்க மலருல போட்டுடலாம், மத்த பசங்களும் படிப்பாங்க" என்றார். நான் பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் படித்தவன். கணக்குப் பாடம் நடத்தும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்த எட்டு வரி பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். என்ன நடந்தது என்று சொன்னால் கணக்கும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஐடிஐ முடித்ததும் லேத்தில் சேர்ந்தேன். பல வருடம் லேத்து. பிறகு கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் மில்லிங் மிஷினை வாங்கியது. யாரும் கிட்டே போகப் பயந்தார்கள். மேனேஜர் பத்மநாபன் சார், "லூர்து, நீ பொறுமைசாலி, நீ நில்லு" என்றார். அப்படித்தான் அந்த மிஷின் எனக்கு வந்தது. காலையில் சுவிட்சைப் போடுமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன்.

மிஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. அதன் மேசை இடவலமாக நகரும், அது X. முன்பின்னாக நகரும், அது Y. வெட்டும் கட்டர் மேலிருந்து இறங்கும், அது Z. "இந்த X, இந்த Y-க்குப் போ" என்று சொன்னால் போகும். நேர்கோட்டில் போகும், வட்டத்தின் துண்டாகவும் போகும். அந்தக் காலத்து மிஷினுக்கு இந்த இரண்டுதான் தெரியும். நீள்வட்டம் தெரியாது.

வேதவல்லி மேடம் எங்களிடம் சேர்ந்தது அதற்குச் சில வருடம் கழித்து. பாகூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம். பஸ்ஸில் வந்து போவார். எங்கள் கம்பெனியில் இன்ஜினியர் என்றால் மாடியில் ஆபீஸ் அறை. இவர் வந்த முதல் வாரமே, "எனக்கு மேசை கீழ, மிஷினாண்ட வேணும் சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார். "செய்யுங்க" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "கட்டர் இங்கேந்து எங்க போவும்ண்ணே?" என்று கேட்பார். நான் சொல்வேன். சொல்லும்போதே தப்பு எனக்குத் தெரிந்துவிடும்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. புதுப் புரோகிராம் எதுவானாலும் முதலில் காற்றில் ஓட்ட வேண்டும். கட்டரை வேலைத் துண்டுக்கு மேலே ஒரு கை உயரத்தில் தூக்கி வைத்து, சுழலவிடாமல், மேசையை மட்டும் நகரவிடுவது. அவர் குனிந்து நின்று கட்டரின் நுனிக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு அதன் கூடவே நகர்வார். முழுச் சுற்று முடிந்த பிறகுதான், "எறக்கலாம்ண்ணே" என்பார். அந்த வழக்கத்தால் எங்களிடம் கட்டர் உடைவது குறைந்தது. ஆனாலும் பத்மநாபன் சாருக்கு அவர் கீழே இருப்பதில் முழுச் சம்மதம் இல்லை. கெட்ட மனிதர் அல்லர். எண்ணெயும் இரும்புத் தூளுமாக இருக்கிற இடத்தில் ஒரு பெண் எதற்கு என்பது அவர் எண்ணம்.

அப்போது ஒரு சாயத் தொழிற்சாலையிலிருந்து ஒரு வேலை வந்தது. அவர்களுடைய பாய்லரில் கைவிட்டுச் சுத்தம் செய்யும் துளைக்கு ஒரு மூடி. அந்தத் துளையும் மூடியும் நீள்வட்டமாக இருக்கும். மூடி உள்பக்கமாக உட்கார வேண்டும், அப்போதுதான் நீராவியே அதை அழுத்திப் பிடிக்கும். வட்ட மூடியாக இருந்தால் தன்னைவிடச் சின்னத் துளை வழியாக உள்ளே போகாது. நீள்வட்டமென்றால் திருப்பிச் சாய்த்து உள்ளே விட்டுவிடலாம். அவர்களிடமிருந்த மூடியை யாரோ நான்கு வட்டத் துண்டுகளை ஒட்டி நீள்வட்டம் மாதிரி செய்திருந்தார்கள். நீளமும் அகலமும் சரி. நடுவில் இடைவெளி ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்து, அடைப்பு வளையமான கேஸ்கெட் பிதுங்கி, நீராவி கசிந்தது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஆபத்து. உண்மையான நீள்வட்டமாக வேண்டும் என்று கேட்டு இரண்டு எஃகுத் தகடுகளை அவர்களே கொடுத்தார்கள்.

பத்மநாபன் சார், நம் மிஷினில் முடியாது, வேறு ஊருக்கு அனுப்பலாம் என்றார். மேடம் முடியும் என்றார். சார் அந்த இரண்டு தகடுகளையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சரிம்மா, செய்யுங்க. ஆனா இதுல போச்சுன்னா நீங்க மாடிக்கு வந்துடணும். கொட்டேஷன் பாருங்க, டிராயிங் பாருங்க. கீழ நாங்க பாத்துக்கறோம்."

"மூடி சரியா வந்துட்டா கீழயே இருக்கலாமா சார்?"

"வந்துட்டா நான் எதுவும் பேச மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. மேடத்தின் மேசை கீழே இருக்குமா, மாடிக்குப் போகுமா என்பது அந்த இரண்டு தகட்டில் நின்றது.

மூடியின் நீளம் இருநூறு மில்லிமீட்டர், அகலம் நூற்றிருபது. நடுவிலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் நூறு, மேலே அறுபது. மேடம் காலேஜில் படித்த முறையில் கணக்குப் போட்டார். X என்ன என்று சொன்னால் Y என்ன என்று கொடுக்கும் சமன்பாடு அது. X-ஐ ஒவ்வொரு மில்லியாக நகர்த்தி, அதற்கான Y-ஐக் கணக்கிட்டு, புள்ளிக்குப் புள்ளி சின்னச் சின்ன நேர்கோடாக வெட்டுவது. கட்டரின் பருமனை மிஷின் தானே கழித்துக்கொள்ளும். ஒரே ஒரு சங்கடம். ஒரு X-க்கு மேலே ஒரு Y, கீழே ஒரு Y என இரண்டு இருக்கிறதல்லவா? ஒரே சமன்பாடு இரண்டையும் தராது. மேல் பாதிக்கு ஒரு புரோகிராம், கீழ் பாதிக்கு ஒரு புரோகிராம். காற்றில் ஓட்டினோம். சரியாகத்தான் தெரிந்தது. இறக்கினோம்.

வெட்டி முடித்துத் துடைத்துவிட்டுக் கட்டை விரலால் தடவினேன். மேலும் கீழும் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு முனையிலும் விரல் தட்டியது. மூக்கு மாதிரி ஒரு கூர்.

"மேடம், இங்க தொட்டுப் பாருங்க."

தொட்டார். முகம் மாறிவிட்டது. பிறகு கணக்கைப் பார்த்தால் காரணம் புரிந்தது. நடுவில் X ஒரு மில்லி நகர்ந்தால் Y அசைவதே இல்லை. முனையில் X ஒரு மில்லி நகர்வதற்குள் Y எட்டரை மில்லி சரிந்துவிடுகிறது. அங்கே வளைவு இருக்க வேண்டிய இடத்தில் எட்டரை மில்லிக்கு நேர்கோடாக வெட்டியிருக்கிறது. கால் மில்லி உள்ளே போய்விட்டது. கூடுதலாக இருந்தால் சீவலாம், குறைந்ததை ஒட்ட முடியாது. அந்தத் தகடு போனது போனதுதான்.

இன்ஸ்பெக்ஷன் பார்க்கும் தனகோபால் அண்ணன் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அளவுக் கருவிகளைத் தன் சொந்தக் கைக்குட்டையால்தான் துடைப்பார், கம்பெனி துணியைத் தொடவிட மாட்டார்.

"ஏம்மா, மூடி கேட்டா மீன் குடுத்திருக்க. ரெண்டு பக்கமும் மூக்கு வச்ச மீனு."

மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் அன்று மதியம் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடவே இல்லை.

நான் மறுநாளைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "நாளைக்கு என்னாண்ணே விசேஷம்?" என்று கேட்டார்.

"கோயில் திருவிழா மேடம். சாயங்காலம் மாதா தேரு."

"எந்த வழியா போவும்?"

இப்போது இருக்கும் நெல்லித்தோப்பு வீட்டை நான் அப்போது கட்டியிருக்கவில்லை. டவுனுக்குள் குடியிருந்தோம். டவுனில் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேராக இருக்கும். மேசை மேல் சாக்பீஸால் வரைந்தேன். கோயிலில் கிளம்பிக் கிழக்கே, பிறகு வடக்கே, பிறகு மேற்கே, மறுபடியும் தெற்கே இறங்கிக் கோயிலுக்கு.

"உங்க வூடு எங்க?"

ஒரு புள்ளி வைத்தேன்.

"இந்தக் கோட்டப் பாத்து, தேரு உங்க வூட்டாண்ட எப்ப வரும்னு சொல்லுங்க."

"கோட்டப் பாத்து எப்டி மேடம் சொல்றது? எத்தினி மணிக்கு எங்க வரும்னு சாமியாரு பூசையில சொல்வாரு. அத வச்சுத்தான் தெரேஸு வாசல்ல மெழுவத்தி ஏத்துவா."

அவர் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "ஆறு மணிக்கு கெழக்க எத்தினி தெரு தள்ளி இருக்கும்? வடக்க எத்தினி தெரு?" என்று கேட்டார். சொன்னேன். ஆறரைக்கு? ஏழுக்கு? சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெழக்க எவ்ளோன்னு தனியா ஒரு கணக்கு. வடக்க எவ்ளோன்னு தனியா ஒரு கணக்கு. ரெண்டுத்துக்கும் கடிகாரம் ஒண்ணு."

"ஆமா மேடம்."

"கடிகாரம் இந்தப் படத்துல எங்கண்ணே இருக்கு?"

"படத்துல ஏது மேடம் கடிகாரம்?"

"இல்ல. ஆனா அது இருந்தாத்தான் தேரு நவுறுது." டிபன் பாக்ஸை மூடினார். "நான் X-ஐ நடக்க வுட்டு, Y-ஐ அது பின்னாடியே ஓட வுட்டேன். முனையில Y-ஆல ஓட முடியல. ரெண்டுமே வேற ஒண்ணு சொல்றதக் கேட்டு நடக்கணும்ண்ணே."

மறுநாள் சாயங்காலம் தெரேஸ் மெழுகுவத்தியோடு வாசலில் நின்றாள், நான் பக்கத்தில் நின்றேன். தேர் சொன்ன நேரத்தை ஒட்டித்தான் வந்தது. ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கும் போலீஸ்காரர்கூட எந்தத் தெரு என்பதோடு விடுவதில்லை, எத்தனை மணிக்கு என்றும் கேட்கிறார். இரண்டு ஊர்வலங்கள் ஒரே தெருமுனையைக் கடந்தாலும், வேறு வேறு நேரத்தில் கடந்தால் முட்டிக்கொள்வதில்லை. பாதையை மட்டும் வரைந்தால் இது தெரியாது. இத்தனை வருடம் தேர் பின்னால் நடந்திருக்கிறேன், இப்படி யோசித்ததில்லை. மாதாவைப் பார்த்துக் கும்பிட்டபோது மேடத்தின் மேசைக்காக ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்.

லீவு முடிந்து போனபோது மேடம் எட்டு வரியை எழுதி வைத்திருந்தார். மணிகண்டன் பார்த்தது அதைத்தான். T என்று ஒரு எண். அது X-உம் அல்ல, Y-உம் அல்ல. பூஜ்யத்தில் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏறி முன்னூற்றறுபதில் முடியும். X எங்கே என்றால், நூறு பெருக்கல் காஸ் T. Y எங்கே என்றால், அறுபது பெருக்கல் சைன் T. T பூஜ்யமாக இருக்கும்போது கட்டர் வலது முனையில் நிற்கிறது. தொண்ணூறு என்றால் மேலே உச்சியில். நூற்றெண்பது என்றால் இடது முனையில். இருநூற்றெழுபது என்றால் கீழே. முன்னூற்றறுபதில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். மேல் பாதி, கீழ் பாதி என்ற பேச்சே இல்லை. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. முனையில் புள்ளிகள் தானாகவே நெருங்கி விழுகின்றன. முன்பு எட்டரை மில்லி குதித்த இடத்தில் இப்போது ஒரு மில்லிதான். நடுவில் கொஞ்சம் அகன்று விழுகின்றன, அங்கே வளைவு குறைவு என்பதால் பாதகமில்லை.

இந்த இடத்திலேயே மணிகண்டனுக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த வருடங்களில் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும் எண்ணெய்த் தடம் வெட்டும் வேலை வந்தது. X-க்கு ஒரு வரி, Y-க்கு ஒரு வரி இருந்தது. Z-க்கு மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தோம். T ஏற ஏற Z இறங்கட்டும் என்று. வேறு எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு திசையையும் தனித்தனியாகச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே T-யிடம் கட்டிவிட்டால் எவ்வளவு சிக்கலான பாதையும் தனித்தனி எளிய வரிகளாகப் பிரிந்துவிடும். என் மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்குத் துணையலகுச் சமன்பாடு என்று பெயர் போட்டிருந்தது. T-தான் துணையலகு. புது மென்பொருளும் உள்ளே இதைத்தான் செய்கிறது என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது தகட்டைக் கட்டினேன். இதற்குப் பிறகு வேறு தகடு இல்லை. காற்றில் ஓட்டினோம். மேடத்தின் விரல் கட்டரோடு ஒரு முழுச் சுற்றும் போய்வந்தது. மறுபடியும் ஒரு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு, "எறக்குங்கண்ணே" என்றார். சத்தம் ஒரே சீராக இருந்தது. முடிந்ததும் முனையைத் தடவினேன். எங்கே முனை என்று விரலுக்குத் தெரியவில்லை.

தனகோபால் அண்ணன் அளந்தார். நீளம் சரி. அகலம் சரி. "இது மட்டும் பத்தாதும்மா. அந்த நாலு துண்டு மூடிக்கும் நீளம் அகலம் சரியாத்தான் இருந்துச்சு. நடுவுல பாக்கணும்" என்றார். நியாயமான பேச்சு. மேடம் அதற்காகவே, T இத்தனை டிகிரியாக இருக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுக் கொடுத்திருந்தார். நாற்பத்தைந்துக்கு எண்பத்திரண்டரை மில்லி, ஒரு முடி குறைவாக.

அண்ணன் மூடியைச் சுழல் மேசையில் நடு மையம் பார்த்து உட்கார வைத்தார். ஓரத்தின் தூரத்தைக் காட்டும் டயலைக் கைக்குட்டையால் துடைத்தார். மேசையை நாற்பத்தைந்து டிகிரிக்குத் திருப்பினார். டயலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எழுவத்திரண்டே முக்கா. பத்து மில்லி கொறையுதும்மா."

"இருக்காது சார். மறுபடி பாருங்க."

முப்பதில் பார்த்தார். அங்கேயும் எட்டு மில்லிக்கு மேல் குறைந்தது. அறுபதில் பார்த்தார். அங்கேயும் பொருந்தவில்லை. பூஜ்யத்திலும் தொண்ணூறிலும் மட்டும் சரியாக வந்தது.

"சைனும் காஸும் பள்ளிக்கூடத்துல நல்லா இருக்கும். இங்க டயல்தான் பேசும்" என்றார். அவர் குரலில் நக்கல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. ரிஜக்ட் என்று சிவப்புச் சாயம் தொட்டு மூடியின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

சாயங்காலத்துக்குள் மேடத்தின் மேசையை இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். மேடம் தடுக்கவில்லை. டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், பத்து மில்லி கொறஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியாதா? இது பாக்க நல்லாத்தானே கீது."

"அதாண்ணே எனக்கும் புரியல. டயலும் பொய் சொல்லாது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். நான் வீட்டுக்குப் போய் இரவு ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னபோது தெரேஸ், "யாரு அது, நம்ம சபையா?" என்று கேட்டாள். "இல்ல, பாகூர்ல பச்சைவாழியம்மன் கோயிலுக்குப் போறவங்க" என்றேன். "சரி, நல்லா சொல்லு" என்றாள்.

காலையில் மேடம் மாடிக்குப் போகாமல் நேராக இன்ஸ்பெக்ஷன் அறைக்கு வந்தார். கையில் காம்பஸும் ஒரு பெரிய தாளும். "லூர்து அண்ணே, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார்.

தனகோபால் அண்ணன், "மறுபடியுமாம்மா?" என்றார்.

"உங்களுக்கு ஒரு படம் காட்டறேன் சார். அப்புறம் நீங்க சொல்றதுதான்."

ஒரே மையத்தில் இரண்டு வட்டம் போட்டார். பெரியது மூடியின் நீளத்துக்கு, சின்னது அகலத்துக்கு. மையத்திலிருந்து நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு கோடு இழுத்தார். அது இரண்டு வட்டங்களையும் வெட்டியது. பெரிய வட்டத்தில் வெட்டிய இடத்திலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு. சின்ன வட்டத்தில் வெட்டிய இடத்திலிருந்து நேராக வலப்பக்கம் ஒரு கோடு. இரண்டும் சந்தித்த இடத்தில் புள்ளி வைத்தார்.

அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏம்மா, இது ஐடிஐ டிராயிங்ல போட்டதாச்சே. நீள்வட்டம் போடற மொற. நூறு தடவ போட்டிருக்கேன்."

"அதான் சார். X பெரிய வட்டத்துலேந்து வருது, Y சின்ன வட்டத்துலேந்து வருது. அதான் அந்த ரெண்டு வரியும். இப்ப இந்தப் புள்ளி, நடுவுலேந்து பாத்தா எத்தினி டிகிரில கீது?"

அவர் கோணமானியை எடுத்து வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு."

"நாப்பத்தஞ்சு அந்த ரெண்டு வட்டத்துலதான் சார் கீது. மூடியில இல்ல. T-ய மூடி மேல தேடக் கூடாது. நேத்து வரைக்கும் நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். பஸ்ஸுல போறப்பதான் தட்டுச்சு."

எனக்குச் சாக்பீஸ் படத்தில் கடிகாரத்தைத் தேடியது நினைவு வந்தது. இரண்டையும் நடத்துகிற ஒன்று படத்தில் எங்கும் தெரிவதில்லை. அதைப் படத்தின் மேல் வைத்து அளக்கப் போனால் நல்ல வேலையும் தப்பாகத் தெரிகிறது. எனக்கு இது கணக்காக மட்டும் படவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ நாள், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் அளந்துவிட்டு இது ரிஜக்ட் என்று ஆண்டவரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அண்ணன் மூடியை மறுபடி சுழல் மேசையில் உட்கார வைத்தார். மையம் பார்க்க நேற்றைவிட அதிக நேரம் எடுத்தார். கைக்குட்டையை உதறி டயலைத் துடைத்தார். மேடம் கணக்கிட்டுச் சொன்னபடி முப்பது டிகிரி ஐம்பத்தெட்டு மினிட்டுக்கு, அதாவது முப்பத்தொன்றுக்கு ஒரு பிசிறு குறைவாக, திருப்பினார். முள் வந்து நின்றது. எண்பத்திரண்டரைக்கு ஒரு முடி குறைவு. மற்ற புள்ளிகளையும் அவற்றுக்கான உண்மைக் கோணத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. பார்த்து முடித்ததும் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துச் சிவப்புக் கோட்டைத் தேய்த்து எடுத்தார். கம்பெனி துணி அல்ல, தன் கைக்குட்டை.

மூடியைப் பொருத்த நாங்கள் மூன்று பேரும் போனோம். பத்மநாபன் சார் வரவில்லை. அளவு சரியாக இருக்கலாம், கசியாமல் இருக்குமா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். சாயத் தொழிற்சாலையின் பாய்லர்காரர் மூடியைச் சாய்த்து, திருப்பி, துளை வழியாக உள்ளே விட்டு, உள்பக்கமிருந்து இழுத்து உட்கார வைத்தார். சுற்றிலும் இடைவெளி ஒரே சீர். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். முள் ஏறி நின்றது, இறங்கவில்லை. பாய்லர்காரர் விளிம்பைச் சுற்றி விரலால் துடைத்து, விரலைப் பார்த்து, சட்டையில் தேய்த்துக்கொண்டார்.

"காஞ்சு கீதும்மா. இனிமே நான் பக்கத்துல குந்தலாம்."

திரும்பி வந்து சொன்னோம். பத்மநாபன் சார் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார், வந்திருந்த வேறொரு டிராயிங்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எதுவும் பேச மாட்டேன் என்று சொன்னவர் பேசவில்லை. மேடம் மாடியில் தன் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். உட்காரவில்லை. கேட்கலாமா, வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். எனக்கும் தெரியவில்லை. ஒரு வேலைக்காரன் மேனேஜர் உத்தரவில்லாமல் மேசையைத் தொட முடியுமா?

தனகோபால் அண்ணன் படியேறி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மேசை மேல் இருந்த பேனாக்களை எடுத்து மேடத்தின் கையில் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தார்.

"லூர்து, அந்தப் பக்கம் புடி."

"சார், நான் ஒரு கை புடிக்கிறேன்" என்றார் மேடம்.

"நீ முன்னால எறங்கும்மா. எங்க போடணும்னு எடத்தக் காட்டு."